ரயில் பாதையை ஒட்டி நான்குவழிச் சாலை: முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள்

கேள்வி இதுதான்: ஊரின் நடுவே போகும் இருவழி நெடுஞ்சாலையை நான்குவழிச் சாலையாக்கப் போகிறார்கள். சாலைக்குக் கிழக்கே, ஓரிடத்தில் 80 மீட்டரும் இன்னோரிடத்தில் 150 மீட்டரும் தள்ளி, ரயில் பாதை இணையாக ஓடுகிறது. மேற்கே ஏரி, ரயிலுக்குக் கிழக்கே வயல்கள். மூன்று தடங்கள் பேச்சில் இருக்கின்றன. இருக்கும் சாலையையே அகலப்படுத்துவது ஒன்று. ரயில்வே எல்லையை ஒட்டியே புதிய சாலை போடுவது இன்னொன்று. ரயில் பாதையைத் தாண்டி வயல்வெளியில் புறவழிச்சாலை அமைப்பது மூன்றாவது. எது ஊருக்கு நல்லது? எதைக் கேட்டு மனுக் கொடுப்பது?

நெடுஞ்சாலைத் தடங்களை வரைவதிலும் அவற்றைக் களத்தில் நடந்து பார்ப்பதிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். உங்கள் ஊரின் புலப்படத்தைப் பார்க்காமல் இந்தத் தடம்தான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மூன்றையும் எந்த அளவுகோலால் அளப்பது என்று சொல்ல முடியும். எல்லோரும் முதலில் பார்ப்பது இரண்டு எண்களை: எத்தனை வீடு போகிறது, எத்தனை கோடி ஆகிறது. இரண்டும் முக்கியம்தான். ஆனால் பக்கத்தில் ரயில் பாதை இருக்கும்போது அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. புதிய சாலைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே எத்தனை மீட்டர் இருக்கப்போகிறது? அந்த இரண்டையும் சேர்த்து ஒரு நாளில் எத்தனை பேர் குறுக்கே கடக்கிறார்கள்? நெடுஞ்சாலையில் நீளவாட்டில் ஓடும் வண்டிகளை எண்ண ஒவ்வொரு திட்டத்திலும் ஆள் போடுகிறார்கள். பள்ளிக்கும் வயலுக்கும் ஸ்டேஷனுக்கும் குறுக்கே போகிறவர்களை அதே அக்கறையோடு எண்ணிய திட்டங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ரயில் பாதையின் குணம் தெரிந்தால் மற்றவை எளிதாகப் புரியும். ரயில் பாதையால் சட்டென்று வளையவும் முடியாது, ஏறவும் முடியாது. அகலப் பாதையில் ஒரு டிகிரி வளைவு என்றால் 1,750 மீட்டர் ஆரம். மணிக்கு 100 கி.மீ. வேகத்துக்கான சாலை, நெருக்கடியான இடத்தில் 400 மீட்டர் ஆரத்திலேயே திரும்பிவிடும். ஏற்றத்திலும் அப்படித்தான். சரக்கு ரயில்களுக்கென்றே புதிதாகக் கட்டிய தனிப்பாதைகளில் 200 மீட்டர் ஓடி 1 மீட்டர் ஏறும் அளவுக்குத்தான் சரிவு வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையோ 40 மீட்டருக்கு 1 மீட்டர் சாதாரணமாக ஏறும். ஆகவே இரண்டும் குறுக்கிடும் இடத்தில் ஏறுவதும் இறங்குவதும் சாலையின் வேலையாகவே இருக்கும். உங்கள் ஊரின் குறுக்குச் சாலைகளுக்கும் இதே விதிதான்.

இப்போது அந்தக் குறுக்குச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதில் ரயில்வே கேட் இருக்கிறது. நாளை மேம்பாலம் வேண்டும். மின்மயமான பாதைக்கு மேலே பாலம் கட்டினால் தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து பாலத்தின் அடிப்பகுதிவரை சுமார் ஆறரை மீட்டர் விட வேண்டும். 25,000 வோல்ட் மின்கம்பி அதற்குள்தான் போகிறது. பாலத்தின் உத்தரமும் தளமும் சேர்ந்து இரண்டு மீட்டர் என்று வையுங்கள். ரயில் கரையே தரையிலிருந்து ஒரு மீட்டராவது உயர்ந்திருக்கும். ஆக, பாலத்தின் மேல் சாலை தரையிலிருந்து ஒன்பதரை மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 30-க்கு 1 என்ற கொஞ்சம் கடுமையான சரிவில் இறக்கினாலும் 285 மீட்டர் நீளம் தேவை. உச்சியிலும் அடிவாரத்திலும் சரிவை வளைத்துச் சேர்க்கும் நீளம், சந்திப்புக்கு முன் சமதளமாக விட வேண்டிய நீளம் எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 400 மீட்டர் வந்துவிடும்.

இந்த 400 மீட்டர்தான் நான் சொல்ல வந்த செய்தியின் உயிர். நெடுஞ்சாலை தண்டவாளத்திலிருந்து 400 மீட்டருக்கு அப்பால் இருந்தால், குறுக்குச் சாலையின் மேம்பாலம் நிம்மதியாகத் தரையிறங்கி, பிறகு நெடுஞ்சாலையைச் சந்திக்கலாம். நெடுஞ்சாலை தண்டவாளத்தை ஒட்டி 40, 50 மீட்டருக்குள் ஓடினால் ஒரே பாலம் இரண்டையும் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவே, அதாவது 80 மீட்டரிலிருந்து 300 மீட்டர்வரை உள்ள இடைவெளிதான் மிகப் பொல்லாதது. பாலம் இறங்க இடம் போதாது. இரண்டையும் சேர்த்துத் தாண்டலாம் என்றால் பாலத்தின் நீளமும் செலவும் ஏறிக்கொண்டே போகும். செலவைப் பார்த்ததும் அந்தப் பாலத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். கேட் அப்படியே நிற்கும், அதன் முன்னால் நான்குவழிச் சாலை வந்துவிடும்.

அது எப்படி இருக்கும் என்பதை ஒரு முறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கேட்டிலிருந்து நெடுஞ்சாலையின் ஓரம் வரை நாற்பது காலடி எடுத்து வைத்தேன்; முப்பது மீட்டருக்குக் குறைவு. மாலை நேரம். கேட் மூடியது. முதலில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், அதன் பின்னால் மினிபஸ், அதன் பின்னால் கரும்பு லாரி. அவ்வளவுதான், இடம் தீர்ந்துவிட்டது. லாரியின் பின்பாதி நெடுஞ்சாலையின் இடது தடத்தில் நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்புத் தோகை பின்விளக்கை மறைத்திருந்தது. இரு சக்கர வண்டிகள் இரண்டு பக்கமும் புகுந்து சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டன. பயணிகள் ரயில் போனது. கேட் திறக்கவில்லை, அடுத்து ஒரு சரக்கு ரயில் வரவேண்டியிருந்தது. தூரத்திலிருந்து வேகமாக வந்த பஸ் ஒன்று கடைசி நேரத்தில்தான் அந்த லாரியைக் கண்டது. டயர் தேய்ந்த வாடை கேட் வரை வந்தது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த முப்பது மீட்டரை வரைபடத்தில் வைத்த திட்ட அறிக்கையில் அந்த கேட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குறுக்குச் சாலையில் ஒரு திசையில் மணிக்கு 100 வண்டிகள் என்று வையுங்கள். கேட் பத்து நிமிடம் மூடினால் 17 வண்டிகள் சேரும். வண்டிக்கு ஏழு மீட்டர் என்றால் வரிசை 120 மீட்டர் நீளும். உங்கள் ஊரில் இடைவெளி 80 மீட்டராக இருக்கும் இடத்தில் கடைசி ஐந்தாறு வண்டிகள் நெடுஞ்சாலையில்தான் நிற்கும்.

முதல் தடத்துக்கு, அதாவது இருக்கும் சாலையை அகலப்படுத்துவதற்கு, நான் எளிதில் சம்மதிக்க மாட்டேன் என்பதற்கு இதுவே காரணம். நில எடுப்பு குறைவு, பழைய சாலை கையில் இருக்கிறது என்று இதைத்தான் முதலில் மேசைமேல் வைப்பார்கள். ஊருக்கு வெளியே நான்குவழிச் சாலைக்கு 60 மீட்டர் அகல நிலம் என்பது வழக்கமான அளவு. ஊருக்குள் அதைக் குறைத்து 30, 40 மீட்டரில் அடக்குவார்கள். கடைவீதியின் முகப்பு போய்விடும், சர்வீஸ் சாலை ஒப்புக்கு இருக்கும். இத்தனைக்குப் பிறகும் இடைவெளி அதே 80 முதல் 150 மீட்டர்தான். பொல்லாத இடைவெளியிலேயே கோடிகளைக் கொட்டி அதை நிரந்தரமாக்குகிறோம்.

இரண்டாவது தடம், தண்டவாளத்தை ஒட்டியே போவது, எனக்குப் பிடித்தமான யோசனை, ஆனால் நிபந்தனைகளோடு. ரயில் பாதை ஊரையும் வயலையும் ஏற்கெனவே பிரித்துவிட்டது. சாலையும் அதே கோட்டில் போனால் புதிதாக இன்னொரு வெட்டு விழாது. நிலங்கள் துண்டு துண்டாகச் சிதறாது. ஜெர்மனியில் கொலோனுக்கும் பிராங்பர்ட்டுக்கும் இடையே 2002-இல் திறந்த அதிவேக ரயில் பாதையைப் பெரும்பாலும் ஏ3 நெடுஞ்சாலையை ஒட்டியே கொண்டுபோனார்கள். அங்கே சாலை முந்தி வந்தது, ரயில் பின்னால் வந்தது. சாலையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்ற வேண்டியிருந்ததால் அந்தப் பாதையில் சரிவு 4 சதவீதம் வரை போகிறது. அதில் ஓடுவதற்குச் சக்தி மிகுந்த தனி வகை ரயில்கள் வேண்டியிருந்தன. ஒரே வெட்டில் இரண்டையும் அடக்குவதற்காக அவ்வளவு மெனக்கெட்டார்கள்.

நிபந்தனைகளுக்கு வருகிறேன். ரயில்வே எல்லைக்கல்லோடு ஒட்டிச் சாலையைப் போடக் கூடாது. இன்று ஒற்றைப் பாதை இருந்தால் நாளை இரட்டைப் பாதை வரும். தாம்பரம்–செங்கல்பட்டு இடையே இரண்டு பாதைகள் இருந்த இடத்தில் மூன்றாவது வந்ததை நம் கண்முன்னால் பார்த்தோம். எந்தப் பக்கம் கூடுதல் பாதை போடப்போகிறார்கள் என்று ரயில்வேயிடம் எழுத்தில் கேட்டு, அதற்கான அகலத்தையும் வடிகாலையும் விட்டுத்தான் சாலையின் ஓரக்கோடு தொடங்க வேண்டும். இதைக் கேட்காமல் கட்டிய சாலையின் மேம்பாலத் தூண்கள் புதிய தண்டவாளத்துக்கு வழிவிடாமல் நிற்கும். பிறகு எதையாவது இடிக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை, ஸ்டேஷன். உங்கள் ஊரில் ஸ்டேஷன் வாசல் மேற்கே, ஊர்ப்பக்கம் இருந்தால் இந்தத் தடம் அந்த வாசலின் முன்னால்தான் போகும். பெட்டியும் குழந்தையுமாக இறங்குகிறவர்கள் நான்கு தடங்களையும் நடுத்திட்டையும் கடந்து ஊருக்குள் வர வேண்டும். அந்த அரை கிலோமீட்டரில் மட்டுமாவது நெடுஞ்சாலையைத் தூண்கள்மேல் தூக்கி, கீழே ஸ்டேஷன் முற்றத்தைத் திறந்து விட வேண்டும். மண்கரையாக எழுப்பி ஒரு சுரங்கப்பாதையோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மண்கரை மலிவு, ஆனால் அதன் பிறகு ஸ்டேஷன் இருக்கும் திசையே ஊருக்குத் தெரியாது.

மூன்றாவது, சாலையிலிருந்து தண்டவாளத்தில் வண்டி விழுவது. 2001 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்தில் செல்பி நகருக்கு அருகே, எம்62 நெடுஞ்சாலையில் ஓட்டுநர் கண்ணயர்ந்த ஒரு வண்டி, ரயில் மேம்பாலம் தொடங்குவதற்குச் சற்று முன்பே சாலையை விட்டு விலகிச் சரிவில் உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. பயணிகள் ரயில் அதில் மோதித் தடம்புரண்டு, எதிரே வந்த நிலக்கரி ரயிலுடன் மோதியது. 10 பேர் இறந்தார்கள். பாலத்துக்குத் தடுப்பு இருந்தது; வண்டி அந்தத் தடுப்புக்கு முன்னாலிருந்த சரிவில் இறங்கியது. சாலை தண்டவாளத்தைவிட உயரத்தில், அதுவும் கிலோமீட்டர் கணக்கில் இணையாக ஓடும்போது இந்த ஆபத்து ஒரு பாலத்தோடு முடிவதில்லை. முழு நீளத்துக்கும் கான்கிரீட் தடுப்புச்சுவர் கேளுங்கள். அது இரவில் எதிரே வரும் ரயிலின் முகப்பு விளக்கையும் ஓரளவு மறைக்கும். இணையான சாலையில் இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த வெளிச்சம் கண்ணைக் குருடாக்கும் கணம் தெரியும்.

மூன்றாவது தடமான கிழக்குப் புறவழிச்சாலை, சாலையை ஊரிலிருந்து முழுதாக விலக்குகிறது. ஆனால் ரயில் பாதையை அது இரண்டு முறை கடக்க வேண்டும், போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. இணையாக ஓடிக்கொண்டிருக்கும் சாலை சட்டென்று செங்குத்தாகத் திரும்ப முடியாததால் இந்த இரண்டு இடங்களிலும் மேம்பாலம் கோணலாகத்தான் விழும். நேராகக் கடந்தால் 35 மீட்டரில் தாண்டக்கூடிய ரயில்வே நிலத்தை 30 டிகிரிக் கோணத்தில் கடந்தால் 70 மீட்டர் தாண்ட வேண்டும். கோணல் பாலத்தின் வடிவமைப்பும் கடினம், ரயில்வேயின் ஒப்புதலும் தாமதமாகும். வரைபடத்தில் அழகாகத் தெரியும் நீளமான மென்மையான வளைவைக் கொஞ்சம் இறுக்கி, ரயிலைக் கடக்கும் இடத்தில் கோணத்தை 60 டிகிரிக்கு மேல் கொண்டுவந்தால் பாலத்தில் பெரும் செலவு மிச்சமாகும். வேகம் சற்றுக் குறையும், குறையட்டும். புறவழிச்சாலை வந்தாலும் தண்டவாளத்திலிருந்து 400, 500 மீட்டர் தள்ளி வரவேண்டும். 150 மீட்டரில் வந்தால், நடுவில் சிக்கும் வயல்களுக்குப் போகவர வழியில்லாமல் அவை தரிசாகி, பிறகு மனைகளாகும்.

அடுத்தது தண்ணீர். இதை நான் கடைசியாகச் சொல்ல நினைத்ததில்லை; நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தனியே எடுத்துவைத்தேன். உங்கள் ஊரில் ஏரி மேற்கே, வயல் கிழக்கே. மழை கொட்டினால் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே பரவும். அதன் குறுக்கே நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு மண்கரை இருக்கிறது, அதுதான் ரயில் பாதை. அதில் எங்கெங்கே சிறுபாலம் வைக்க வேண்டும் என்பதைப் பல மழைக்காலங்கள் அடித்துக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. ரயில் கரையை ஒட்டி நீளமான பள்ளங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அல்லியும் சம்பும் மண்டிக் கிடக்கும். கரைக்கு மண் எடுத்த குழிகள் அவை. மழைநீர் சிறுபாலத்துக்கு வரும்வரை தங்கிப் போகும் இடமும் அவையேதான். இரண்டாவது தடத்தின் சாலை பெரும்பாலும் அந்தக் குழிகளின் மேல்தான் விழும். அவற்றை நிரவிவிட்டு, ரயிலுக்கு மேற்கே இன்னொரு கரையை எழுப்பி, அதில் வேறு இடங்களில் சிறுபாலங்களை வைத்தால் என்ன ஆகும்? பரந்து வந்த தண்ணீர் சாலையின் சில கண்களில், அதாவது சிறுபாலத் திறப்புகளில், மட்டும் ஒடுங்கிப் பாய்ந்து, எதிரே கண் இல்லாத இடத்தில் ரயில் கரையை நேராக அடிக்கும். கரை மண் கரையும். ஜல்லி போகும். தண்டவாளமும் ஸ்லீப்பரும் கீழே பிடிமானமின்றித் தொங்கும்.

2023 டிசம்பர் 17 அன்று தென் மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு சிக்கிக்கொண்டது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே ஜல்லி அரித்துக்கொண்டு போய்த் தண்டவாளம் அந்தரத்தில் நின்றது. சாலைகளும் உடைந்ததால் உணவு கொண்டுபோகக்கூட வழி இல்லை. 2005 அக்டோபரில் அன்றைய ஆந்திரத்தின் (இன்றைய தெலங்கானா) வலிகொண்டாவில் வெள்ளம் ஒரு சின்ன ரயில் பாலத்தை அடித்துப்போனதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே ஓர் ஏரி உடைந்த தண்ணீர் அது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றில் பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். இந்த விபத்துகளுக்குப் பக்கத்துச் சாலை காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் வரும் வழியில் நிற்கும் மண்கரை எவ்வளவு எளிதில் போகும் என்பதற்காகச் சொல்கிறேன். அதன் அருகில் இரண்டாவது கரையை எழுப்புகிறவர், முதல் கரையின் ஒவ்வொரு கண்ணுக்கும் நேர் எதிரே, அதைவிடக் குறையாத அகலத்தில், தன் கரையிலும் கண் வைக்க வேண்டும். இதில் பேரம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

நெருக்கடியான இடத்தில் தடம் தேர்ந்த கதை ஒன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிளென்வுட் கேன்யன் என்று ஒரு பள்ளத்தாக்கு. சுமார் 20 கி.மீ. நீளம், இரண்டு பக்கமும் பல நூறு அடி உயரப் பாறைச் சுவர், நடுவே கொலராடோ ஆறு. ஆற்றின் தென்கரையை 1887-இலேயே ரயில் பாதை எடுத்துக்கொண்டது. வடகரையில் ஓர் இருவழிச் சாலை. அதை நான்குவழி நெடுஞ்சாலையாக்க வேண்டும் என்றபோது, பள்ளத்தாக்கை விட்டே விலகி வடக்கே பிளாட் டாப்ஸ் மேட்டுநிலம் வழியாகவும், தெற்கே காட்டன்வுட் கணவாய் வழியாகவும் போகலாமா என்று ஆராய்ந்தார்கள். பாறையை வெடிவைத்துத் தகர்த்துச் சாலை போடுவதை மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் பள்ளத்தாக்கையே தேர்ந்தார்கள், ஆனால் சாலையின் வடிவத்தை மாற்றினார்கள். எதிரெதிர்த் திசைத் தடங்களைப் பக்கம் பக்கமாக வைக்காமல், மேற்கே போகும் தடத்தை உயரத்தில் தூண்கள்மேலும் கிழக்கே போகும் தடத்தை ஆற்றருகே தாழ்வாகவும் அடுக்கினார்கள். 40 பாலங்கள், ஒரு பகுதியில் 1.2 கி.மீ. நீளமுள்ள இரட்டைக் குகைகள். சரிவில் இயந்திரங்களை இறக்கிக் காயப்படுத்தக் கூடாது என்பதற்காகச் சில இடங்களில் பாலத்தின் துண்டுகளை மேலிருந்தே நகரும் சட்டத்தால் தொங்கவிட்டுக் கோத்தார்கள். 1980-இல் தொடங்கிய வேலை 1992 அக்டோபரில் முடிந்தது. செலவு சுமார் 49 கோடி டாலர்.

அந்தத் தேர்வுக்கு ஒரு விலையும் இருந்தது. 2020-இல் அங்கே பெரிய காட்டுத்தீ. அடுத்த ஆண்டு கோடை மழையில், எரிந்த சரிவுகளிலிருந்து சேறும் பாறையும் இறங்கி நெடுஞ்சாலையை இரண்டு வாரங்களுக்கு மேல் மூடிவிட்டன. சாலையும் ரயிலும் ஒரே குறுகலான இடத்தில் போகும்போது ஒரே பேரிடர் இரண்டையும் தொடுகிறது. அப்போது காட்டன்வுட் கணவாய் வழி மறுபடி பேச்சுக்கு வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலும் சாலையும் ஒரே நாளில் அறுந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது தடத்தை ஆதரிக்கும் நான் அதன் மிகப் பெரிய குறையாக மனத்தில் வைத்திருப்பது இதைத்தான். அதனால்தான் ஊர் நடுவே உள்ள பழைய சாலையைக் கைவிடாமல், வெள்ளக் காலத்தில் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் போகும் தரத்தில் பராமரிக்க வேண்டும் என்று சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன்.

காடு வழியாகப் போகும் தடங்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. உங்கள் ஊருக்கு அது பொருந்தாது. படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுக்கரை–வாளையாறு பகுதியில் யானைகள் ரயிலில் அடிபட்டுச் சாவதை நாம் அறிவோம். அங்கே யானைகளுக்காகச் சுரங்கவழிகள் கட்டினார்கள். 2024-இல் தமிழ்நாடு வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பையும் தொடங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் ரயிலுக்குப் பக்கத்தில் சாலையை அகலப்படுத்தினால், ரயிலுக்குக் கட்டிய வழி சாலையில் போய் முட்டி நிற்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே நேர்கோட்டில், ஒரே மூச்சில் கடக்கும் வழி வேண்டும்.

இனி, யார் எதைக் கட்டுவது என்பது. தண்டவாளத்துக்கு மேலே உள்ள பாலப்பகுதியைப் பெரும்பாலும் ரயில்வேயே கட்டும் அல்லது அதன் மேற்பார்வையில் கட்டப்படும். இரண்டு பக்கச் சரிவுகளையும் சாலைத்துறை கட்டும். நடுப்பாலம் முடிந்து சரிவு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நிற்கும் மேம்பாலங்களை எல்லா மாவட்டத்திலும் பார்க்கலாம். பெரும்பாலும் சரிவுக்கான நில எடுப்பு வழக்கில் சிக்கியிருக்கும். ஆகவே தடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே குறுக்குச் சாலை மேம்பாலங்களின் சரிவுக்கான நிலமும் அதே அறிவிப்பில் வரவேண்டும். கேட்டை மூடிவிட்டு மேம்பாலம் கட்ட ரயில்வே செலவைப் பகிர்வதற்கு வழக்கமான அளவுகோல், ஒரு நாளில் போகும் ரயில் அலகுகளையும் சாலை வண்டி அலகுகளையும் பெருக்கினால் ஒரு லட்சம் தாண்ட வேண்டும் என்பது. 40 ரயிலும் 2,500 வண்டியும் இருந்தாலே லட்சம் வந்துவிடும். உங்கள் கேட் அந்த எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும். ஆள் இல்லாத கேட்கள் அகலப் பாதையில் 2019 ஜனவரியோடு ஒழிந்துவிட்டன. ஆள் உள்ள கேட்களும் ஒவ்வொன்றாக மூடப்படும். மாற்று வழி தராமல் மூடும் இடத்தில்தான் ஊர் இரண்டாகும். சின்னச் சுரங்கப்பாதை ஒன்றைத் தள்ளிப் பொருத்திவிட்டு மாற்று வழி தந்தாகிவிட்டது என்பார்கள். உங்கள் ஊரின் மட்டத்தில் அது மழைக்காலம் முழுவதும் குளமாக நிற்குமா என்று முதலில் கேளுங்கள்.

ஆகவே என் பரிந்துரை: முதல் தடத்தை எதிர்த்து எழுதுங்கள். ஸ்டேஷன் முகப்பில் தூண்கள்மேல் தூக்குவது, கூடுதல் ரயில் பாதைக்கு இடம் விடுவது, கண்ணுக்கு நேர் கண் வைப்பது, இரண்டையும் சேர்த்துத் தாண்டும் குறுக்கு மேம்பாலம், இந்த நான்கையும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் இரண்டாவது தடம் உங்கள் ஊருக்கு நல்லது. அதில் ஒன்றைக் கைவிட்டாலும் மூன்றாவது தடத்தை, தண்டவாளத்திலிருந்து 400 மீட்டருக்கு அப்பால் தள்ளிக் கேளுங்கள். அதிலும் கண்ணுக்கு நேர் கண் என்ற விதி மாறாது. தண்ணீர் அங்கே முதலில் ரயிலையும் பிறகு சாலையையும் தாண்ட வேண்டும்.

காலம் குறைவு என்பதையும் மறவாதீர்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ பிரிவின் கீழ், நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நில உடைமையாளர்கள் ஆட்சேபம் தர வேண்டும். நில எடுப்பை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுடையது. பிறகு பேச்சு இழப்பீட்டைப் பற்றி மட்டும்தான் இருக்கும். பெரும்பாலான ஊர்கள் விழிப்பது 3டி-க்குப் பிறகே. எனவே அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே இரண்டு வேலைகளைத் தொடங்குங்கள். ஒரு வாரம், காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை, கேட் எத்தனை முறை மூடுகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், வரிசை எந்த மரம்வரை நீள்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாவதாக, ரயில் கரையில் உங்கள் ஊர் எல்லைக்குள் உள்ள சிறுபாலங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அடி அகலம், எந்த ஏரியின் கலங்கலிலிருந்து அதற்குத் தண்ணீர் வருகிறது என்று குறித்து வையுங்கள். தண்டவாளத்தில் ஏறாமல், கரைக்கு வெளியே நின்றே இதைச் செய்யலாம். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். தண்ணீர் நின்ற பிறகு சிறுபாலத்தின் அடிமட்டம் கண்ணுக்குத் தெரியாது.